சாலைப் பாதுகாப்பு ஆய்வு: நூற்றைம்பது வெள்ளி

"இந்த ஆய்வு எங்க நடந்தது, பிள்ளை?" என்று செலவுக் கணக்கில் ஒரு வரியைத் தொட்டுக் கேட்டார் கனகசுந்தரம்.

யோகேஸ்வரி குடித்துக்கொண்டிருந்த மைலோவைக் கீழே வைத்தாள்.

ஊரே ஒய்.பி. என்று அழைக்கும் சட்டமன்ற உறுப்பினர் ஹேமநாதனின் ரெங்கம் சேவை மையத்தில் அவள்தான் குமாஸ்தா. செலவுக் கணக்கைத் தட்டச்சு செய்து, கீழே கையெழுத்தும் போட்டு, கட்சித் தலைமையகத்துக்கு அனுப்புவதும் அவள்தான். ஆறு மாதத் தற்காலிக வேலை, வருகிற திங்கட்கிழமை நிரந்தரமாக வேண்டும். ஆகிவிடும் என்று நம்பி அவள் அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி கொடுத்தாகிவிட்டது.

கனகசுந்தரம் கட்சியின் கணக்காய்வுக் குழுத் தலைவர். முப்பது வருடம் அரசாங்கத்தில் தணிக்கை பார்த்தவர். ஸ்டேப்ளர் முள்ளைக்கூட எண்ணிப் பார்ப்பார் என்று பேர். இன்று மழையில் தொப்பலாக நனைந்து வந்ததில் கோபம் இன்னும் ஒரு படி ஏறியிருந்தது.

"கைப்பிடியில என்ட பேர் வெட்டின நல்ல குடை இருந்தது. பிப்ரவரியில இங்க கூட்டம் முடிஞ்சு ஜொகூர் பாருவுக்கு டாக்சியில போனன். அந்த டாக்சிக்காரன் சுருட்டிட்டான்! தொண்ணூறு வெள்ளி வாடகையும் வாங்கினவன். அந்தத் தொண்ணூறுக்கு மேல ஒரு காசு நான் க்ளேம் பண்ணேல்ல. கணக்கெண்டா அப்பிடி இருக்கவேணும்."

யோகேஸ்வரி பக்தியோடு தலையாட்டினாள்.

ஆய்வின் கதை இதுதான். போக்குவரத்து அபராதச் சம்மன் வந்ததும் ஓடிப்போய்க் கட்டுகிற பழக்கம் இந்த நாட்டில் யாருக்கு இருக்கிறது? போலீஸ் தள்ளுபடி தரும் பாதி விலைக் காலம் வரட்டும் என்று ஊரே காத்திருக்கும். ஒய்.பி.யும் காத்திருந்தார். வேகமாக ஓடியதற்கு முந்நூறு வெள்ளி, அந்தக் காருக்கு இருந்த ஒரே சம்மன், ஆகஸ்டில் நூற்றைம்பதுக்கு இறங்கியது. கட்டிவிட்டு வந்து ரசீதை நீட்டினார். என்றைக்கு, எந்த ரோட்டில் வாங்கியது என்று அவருக்கே ஞாபகமில்லை.

"சாலைப் பாதுகாப்பு ஆய்வுன்னு போடு லா, யாரு பாக்கப் போறா?"

பார்க்கிறவர் இப்போது எதிரே உட்கார்ந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"பொந்தியான் ரோட்டுல, ஐயா," என்றாள் யோகேஸ்வரி.

"அறிக்கை?"

"டைப் ஆகிக்கிட்டிருக்கு."

"நல்லது. நான் இருக்கிறன்."

பதினைந்தே நிமிடத்தில் ஒரு பக்கத்துக்கு ஆய்வறிக்கை தயாரானது. சாலைகள் நீளமாக இருக்கின்றன, காமிராக்கள் சிறப்பாக வேலை செய்கின்றன என்று முடித்திருந்தாள். தாள் சூடாக வெளியே வந்தபோது அவளுக்கே தன் திறமையில் ஒரு பெருமை உண்டானது.

கனகசுந்தரம் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு கோப்பிலிருந்து ரசீதை உருவினார்.

"இதில குற்றம், வேக வரம்பு மீறல் எண்டு கிடக்குது. ஆய்வுக்கு இப்பிடித்தான் ரசீது குடுக்கினமோ?"

உள் அறைக் கதவு திறந்தது. இவ்வளவு நேரமும் கதவில் காதை வைத்திருந்த ஒய்.பி. வெளியே வந்தார்.

"ஐயா, நான் உண்மையச் சொல்லிடறேன்."

யோகேஸ்வரிக்கு மூச்சு வந்தது.

"அது உயிர் போற கேஸ். நம்ம ஆபீஸ் கூட்டற வெள்ளையம்மாவுக்கு நெஞ்சுவலி. அள்ளிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்."

யோகேஸ்வரி பின்கட்டுக்கு ஓடினாள். சாகக் கிடந்த வெள்ளையம்மா இருபது லிட்டர் தண்ணீர்ப் புட்டியை ஒற்றைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு நெஞ்சுவலி."

"எனக்கா? எப்போ?"

"இந்த வருஷந்தான். கேட்டா நெஞ்சப் புடிச்சிக்குங்க."

"எனக்கு முட்டிதானே வலிக்கும்!"

"அதையே கொஞ்சம் மேல சொல்லுங்கக்கா!"

வெள்ளையம்மா வந்து நின்று வலது பக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"வலி எப்பிடி, அம்மா?"

"படி ஏறுனா வலிக்கும், ஐயா. மடக்கி நீட்டுனா கடக்குனு சத்தம் வரும். தைலம் தேச்சா போயிடும்."

கனகசுந்தரம் கோப்பை மூடினார். ஒய்.பி. வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த கணமே கட்சி மாறினார்.

"எனக்கென்னா தெரியும், ஐயா? க்ளேம் பாரம் நிரப்புனது இந்தப் பொண்ணு. கையெழுத்தப் பாருங்க."

"அப்ப இந்தப் பிள்ளைய வேலையில இருந்து நிப்பாட்டச் சொல்லி எழுதவேண்டியதுதான்." பேனா மூடி கழன்றது.

யோகேஸ்வரிக்கு முதலில் கேசரிதான் நினைவுக்கு வந்தது. பிறகு கோபம் வந்தது. எழுந்து நின்றாள்.

"எழுதுங்க, ஐயா. பொய்ய டைப் பண்ணுனது நான்தான், அது தப்பு. ஆனா அது ஆய்வும் இல்ல, நெஞ்சுவலியும் இல்ல. சம்மன். ஆய்வுன்னு போடச் சொன்னது இவரு, காச வாங்கிக்கிட்டதும் இவரு. அதையும் சேத்து எழுதுங்க. நீங்க எழுதலன்னா நான் தலைமையகத்துக்கு எழுதுவேன்."

அந்த அலுவலகத்தில் இந்த ஆறு மாதத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

"அலமாக்!" என்று ஒய்.பி. நாற்காலியில் விழுந்தார்.

கனகசுந்தரம் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உண்மை சொன்ன பிள்ளைக்கு வேலை இருக்கட்டும். மற்றவையள நான் விடமாட்டன்."

புதுத் தாளை எடுத்து, உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். "அன்று அந்தக் காரில் போனவர் எவராயினும் முழு முந்நூறு வெள்ளியையும் கட்டவேண்டும். பொய்க் க்ளேம் போட்டுக் காசு வாங்கியவர் எவராயினும் இன்றே பதவி விலகவேண்டும்." கையெழுத்திட்டு முத்திரையும் குத்தி யோகேஸ்வரியிடம் நீட்டினார். "இப்பவே தலைமையகத்துக்கு அனுப்பும்."

அவள் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினாள். படித்தாயிற்று என்று இரண்டு நீலக் குறி விழுந்தது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற வெள்ளையம்மா, நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் நீளமான கறுப்புக் குடை ஒன்று இருந்தது.

கனகசுந்தரத்தின் முகம் மலர்ந்தது. "என்ட குடை! பாருங்கோ, என்ட பேர்! என்னது எண்டதில சந்தேகமே இல்ல. டாக்சிக்காரன் கொண்டுவந்து தந்தவனோ?"

"டாக்சியா?" என்றாள் வெள்ளையம்மா. "ஜொகூர் பாருல கோலாலம்பூர் பஸ்ஸு போயிடும், மிதிடா மிதிடான்னு ஒய்.பி. கார ஓட்டுற எம்மவன் காளிதாஸ வெரட்டி, காமிரா பளிச்சுன்னு அடிச்சப்பக்கூட நிறுத்த விடாம, ஒய்.பி.க்குத் தெரியாம அவரு காருலயே ஓசியில போனீங்களே ஐயா, அந்தப் பின்சீட்டுலதான் கெடந்துச்சு."