கிராபிக்ஸ் கார்டு தின்ற தாய்மாமன்

மதிப்பிற்குரிய மைத்துனர் தமிழழகனுக்கு,

கள்ளக்குறிச்சி ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து மாமா கண்ணாயிரம் எழுதுவது. இங்கு நானும், உங்கள் அக்கா இசைவாணியும், குழந்தை தேவதர்ஷினியும் நலம். நீங்கள் போனை எடுக்காததால் உங்கள் நலம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் படமே ஃப்ளெக்ஸில் இல்லையென்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் தப்பு யாருடையது என்றுதான் எனக்கு விளங்கவில்லை. கடைக் கம்ப்யூட்டருக்கு உளுந்தூர்பேட்டையில் பழைய சாமான் கடையில் நீங்கள் வாங்கித் தந்த கிராபிக்ஸ் கார்டும், நீங்களே ஏற்றித் தந்த இலவச லினக்ஸ் இயங்குதளமும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. போன வாரம் அப்டேட் செய்யட்டுமா என்று கேட்டது, மரியாதையாகக் கேட்கிறதே என்று அழுத்திவிட்டேன், உடனே இந்தக் கார்டு பழசு, இதை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்கு இனி ஆதரவு இல்லை என்று ஒரு வரி வந்தது, எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு ஊதிப்போய், பத்தடி ஃப்ளெக்ஸில் இடது பாதிதான் திரையில் தெரிந்தது. வலது பாதியைப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பினேன். உங்கள் இடத்தில் வெறும் மஞ்சள்தான் வந்தது.

வாசலில் கட்டியதும் உங்கள் அக்கா, "இன்னாங்க இது, உங்க சித்தப்பா பசங்கல்லாம் சிரிச்சிக்கினு நிக்கிறாங்க, என் தம்பி எங்க?" என்றாள். "கார்டு தின்னுட்ச்சி" என்றேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு சூடாக வருவதில்லை.

யாரைத் திட்டுவது? கார்டு செய்தவர்கள் பழசு என்று கைகழுவிவிட்டார்கள், லினக்ஸுக்கோ முதலாளியே கிடையாதாம். இணையத்தில் புலம்பினேன், ஒருவர் பதில் போட்டார். எந்த நாட்டுக்காரரோ, தன் வேலை முடிந்த பிறகு அந்தப் பழைய டிரைவரைச் சும்மாவே பராமரிக்கிறாராம். ஏன் என்று கேட்டேன். "நீங்கள் இன்னும் பயன்படுத்துகிறீர்களே" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, கண் மட்டும் கலங்கிவிட்டது. முகம் தெரியாத அவரே எங்களைக் கைவிடவில்லை, நீங்கள் வராமல் இருக்கலாமா? தப்பு கார்டினுடையது. என்னுடையது அல்ல.

கோமுகி அணைப் பக்கத்துக் குலதெய்வம் உங்கள் கோபத்தைத் தணித்து, சம்பளத்தை ஏற்றட்டும்.

இப்படிக்கு,
கண்ணாயிரம்

பின்குறிப்பு: அவர் அனுப்பிய டிரைவரை இப்போதுதான் ஏற்றினேன். திரை முழுசாகத் தெரிகிறது. வலது பாதியில் மஞ்சளாக இடம் விட்டிருக்கிறேன். உங்கள் படத்தை வைக்கத்தான் மறந்திருக்கிறேன். நல்ல படம் ஒன்று உடனே அனுப்புங்கள். அக்காவிடம் கார்டு என்றே இருக்கட்டும்.