ஏழாவது வளைவில் நான் போட்ட லைட்

போலீஸால் திருட்டுக் கும்பலை ஒழிக்க முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும், என்னை மட்டும் அந்த வண்டியில் ஏற்றாதீர்கள் என்பேன். (நானும் போலீஸ்தான்.)

தலைச்சோலைப் பக்கம் எஸ்டேட்களில் காப்பிக்கொட்டை மூட்டை மூட்டையாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. திருட ஒரு குழு, ஏற்ற ஒரு குழு, சேலத்தில் விற்க ஒரு குழு என எங்கள் ஸ்டேஷனைவிட ஒழுங்காக வேலை நடந்தது. வேலையில் சேரும் முன் ஏற்காட்டில் டாக்ஸி ஓட்டியவன் என்பதால் இன்ஸ்பெக்டர் என்னைத் தனிப்படையில் சேர்த்தார். முதல் கேஸ். சொதப்பினால் ஆயுசுக்கும் டிராஃபிக்கில் விசில்தான் என்றும் சொல்லிவிட்டார்.

அடிவாரத்தில் எங்கள் ஆட்கள் மறைந்திருந்தார்கள். நானும் இன்ஸ்பெக்டரும் மஃப்டியில், நான் ஓட்டும் வாடகைக் காரில் மேலே ஏறி, கும்பலின் பச்சைத் தார்ப்பாய் போட்ட பிக்கப் இறங்குவதைப் பார்த்ததும் அவர்களுக்குப் போன் செய்ய வேண்டும்.

ஏழாவது கொண்டை ஊசி வளைவில் பிக்கப் எதிரே வந்தது. எங்கள் மலையில் ஒரு பழக்கம். கீழே செக்கிங் இருந்தால், ஏறுகிற வண்டி இறங்குகிற வண்டிக்கு இரண்டு முறை லைட் அடித்துக் காட்டும். எட்டு வருடம் டாக்ஸி ஓட்டிய கை, என்னைக் கேட்காமலேயே அடித்துவிட்டது.

பிக்கப் டிரைவர் நன்றியோடு கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். (மரியாதை முக்கியம்.) பிறகு அவர் எஸ்டேட் ரோட்டில் திரும்பி மறைந்தே போனார்.

இன்ஸ்பெக்டர் கறுப்புக் கண்ணாடியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பார்த்தாரா, இல்லையா? அந்தப் பயத்திலேயே எனக்கு ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் மட்டும் சொல்லி அழுதேன்.

அடுத்த மாதம் அந்த டிரைவர் வேறிடத்தில் சிக்கினார். வாக்குமூலம் எழுதியது நான். அன்று உன்னை எச்சரித்தது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இந்த அண்ணன்தானுங்க. தங்கமான மனுசனுங்க" என்று டிரைவர் என்னைக் காட்டினார். என் பேனா நின்றது. அவர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "பக்கத்து சீட்டுல நீங்கதானுங்க. வாயத் தொறந்துட்டு நொம்ப நல்லாத் தூங்கிட்டு இருந்தீங்க."

இன்ஸ்பெக்டர் வெகுநேரம் இருமினார். "அதெல்லாம் கேஸுக்குத் தேவையில்ல. அடிச்சுடுய்யா" என்றார். இரண்டு முறை அடித்தேன்.

இன்றும் மனைவி கோபமாக அடுப்படியிலிருந்து கிளம்பினால், மகள் ஹால் லைட்டை இரண்டு முறை அணைத்துப் போடுவாள். நான் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவிவிடுவேன்.

"ஊட்டுக்குள்ளயே ஒரு கும்பல் நடத்துறீங்க" என்பாள் மனைவி. இதுவரை அவளாலும் பிடிக்க முடியவில்லை.