பதினோரு கார்டும் ஒரு தலைவலி மாத்திரையும்

கார்டு மெஷின் மூன்றாவது முறையும் சிவப்பு விளக்கையே காட்டியது.

படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் சிரிப்பு மாறாமல் கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். ஆய்வாளர் அதைக் கைக்குட்டையால் துடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முப்பத்தோரு வருடம் கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்து, எடைக்கற்களில் முத்திரை வைத்து ஓய்வுபெற்றவர். பொய் சொல்லும் கருவி எது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கோளாறு மெஷின்ல," என்றார்.

"தள்ளுங்க சம்பந்தி, நாலு டிக்கெட்டுதானே!"

பின்னாலிருந்து மரக்கடைக்காரரின் கை நீண்டது. உள்ளங்கையால் முழுக்க மூடிப் பிடித்த கார்டை மெஷின்மேல் ஓர் அடி அடித்தார். பச்சை விளக்கு எரிந்தது.

"கார்டுன்னா இப்படி இருக்கணும். பட்டதும் பத்திக்கணும்."

ஆய்வாளர் தன் கார்டைச் சட்டைப்பையில் செருகினார். படகில் ஏறி உட்கார்ந்த பிறகும் முதுகைச் சாய்க்கவில்லை.

ஒரு வீட்டின் மரியாதை, வாசலில் கிடக்கும் செருப்பு அல்ல, வருகிறவன் போகிறவனெல்லாம் காலை நுழைத்துப் பார்க்க. அதை ஒருமுறை பறிகொடுத்தவர் ஆய்வாளர். ஆறு வருடத்துக்கு முன், மகள் கல்யாணத்தன்று, பெண் வீட்டாரை ஏற்றி வந்த பஸ்ஸுக்கு வாடகை கேட்டு டிரைவர் வந்தபோது, அவர் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்தார். பர்ஸோடு ஓடி வருவதற்குள் பஸ் போய்விட்டது. சம்பந்தி கொடுத்துவிட்டாராம். மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனால், "நமக்குள்ள என்னங்க கணக்கு" என்று கையைத் தள்ளிவிட்டார்.

அதோடு விட்டாரா? பேத்தி பிறந்தபோது சொன்னார். புது வீட்டுக்குப் பால் பாத்திரம் வாங்கப் போன இடத்தில் சொன்னார். "அன்னைக்கு பஸ் வாடகையே நான்தானே கொடுத்தேன்!"

ஆகவே, மகளும் மாப்பிள்ளையும் இந்த வெளிநாட்டுப் பயணத்துக்கு ஏற்பாடு செய்து, மாப்பிள்ளை மட்டும் பேத்தியோடு ஊரில் தங்குவது என்று ஆனபோது ஆய்வாளர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த ஆறு நாளும் தன் வீட்டார் சம்பந்தி காசில் ஒரு மிட்டாய்கூடத் தின்னக் கூடாது. முடிந்தால் சம்பந்தி தன் காசில் தின்ன வேண்டும். அதையும் மிகக் குறைந்த செலவில் செய்து முடிக்க வேண்டும்.

மூன்று வாரம் உட்கார்ந்து பதினோரு கார்டுகளுக்குப் பட்டியல் போட்டார். எது வெளிநாட்டுச் செலவில் நூற்றுக்கு மூன்றரை பிடிக்கிறது, எது இரண்டு, எது வருடக் கட்டணம் என்ற பெயரில் பின்வாசல் வழியாகப் பிடிக்கிறது என்று சிவப்பு மையில் குறித்தார். ரொக்கமாக மாற்றிக் கொண்டுபோனால் நூற்றுக்கு ஐந்து போகும் என்று கண்டு அதை அடியோடு அடித்தார்.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க மூணு நாள். கார்டு பார்க்க மூணு வாரம்," என்றாள் மனைவி.

"மாப்பிள்ளைக்கு மறைமுகக் கட்டணம் கிடையாது."

கடைசியில் வெளிநாட்டுக் கட்டணமே இல்லாத ஒரு கார்டு சிக்கியது. அதே கணக்கில் மனைவிக்கும் இலவசமாக இன்னொரு கார்டு தந்தார்கள். உறையைப் பிரிக்காமலே அவளிடம் நீட்டினார். "பத்திரமா வை. அவசரத்துக்கு மட்டும்."

தன் கார்டுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று சிறிய உச்சவரம்பு வைத்தார். திருடன் எடுத்தாலும் அவனுக்கு ஒருவேளை வயிறு நிறையக் கூடாது. வெளிநாட்டில் வந்து இறங்கியதும் பழைய சிம்மைக் கழற்றி, தாளில் மடித்துச் சட்டைப்பையில் போட்டு, உள்ளூர் சிம் வாங்கி மாட்டினார். அந்த சிம் கடை வாசலில்தான் ஆய்வாளரின் மனைவியிடம் சம்பந்தி தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னதும், அவள் கைப்பையைத் திறந்ததும்.

"என்னவாம்?" என்று கேட்டார்.

"தலைவலியாம். மாத்திரை கேட்டாரு."

"வந்ததும் வராததுமா! மரக்கடையில உட்கார்ந்த உடம்பு, விமானம் தாங்குமா?" என்று ஆய்வாளர் திருப்தியோடு நடந்தார்.

இத்தனை பாடுபட்டு வந்தவரைத்தான் மூன்றாம் நாள் படகுத்துறை மெஷின் அவமானப்படுத்தியது.

"அப்பா, மெஷின் சரியாத்தான் இருக்கு," என்றாள் மகள். "காலையில காபிக் கடையில என்ன பண்ணீங்க?"

காலையில் அவர் செய்தது நியாயமான காரியம். காபிக் கடை மெஷின், நம் ஊர்ப் பணத்தில் கட்டுகிறாயா இந்த ஊர்ப் பணத்தில் கட்டுகிறாயா என்று கேட்டது. நம் ஊர்ப் பணம் என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. பட்டியலின் அடியில் அடிக்கோடிட்டு எழுதிய பாடம் அது. ஆனால் கடைக்காரர் அவசரத்தில் தவறான பொத்தானைத் தட்டிவிட்டார். ஆய்வாளர் ரத்து செய்யச் சொன்னார். கடைக்காரர் மறுபடி தட்டினார், மறுபடி தவறு. இப்படி மூன்று முறை. பின்னால் நின்ற வரிசை தெருவரைக்கும் போனது.

"ரத்தான பணம் திரும்பி வர நாலு நாள் ஆகும்ப்பா. இன்னைக்குக் கணக்குல அது செலவுதான். மூணு காபிக் காசு சேர்ந்து உங்க லிமிட் காலி."

"அவ்வளவுதானே? லிமிட்டை ஏத்திட்டாப் போச்சு."

அன்று மாலை விடுதி அறையில் மகளின் போனை வாங்கி வங்கிக்குப் பேசினார். பதிவுக்குரல், பதிந்த எண்ணுக்குக் குறியீடு அனுப்புகிறோம் என்றது. மனைவியின் கொண்டை ஊசியால் தன் போனைக் குத்திப் பழைய சிம்மை மாட்டினார். வெளிநாட்டில் அது வேலை செய்ய ஊரிலேயே பணம் கட்டியிருக்க வேண்டும். அதை மிச்சம் பிடித்தவர் அவரேதான். சிம்மை மறுபடியும் தாளில் மடித்தார்.

"சரி, கார்டின் ரகசிய எண்ணை அழுத்தவும்" என்றது குரல். யாராலும் கண்டுபிடிக்க முடியாத எண்ணாக வைத்திருந்தார். அவராலும் முடியவில்லை. வேலையில் தனக்குத் தந்த முதல் பித்தளை முத்திரையின் எண்ணை அழுத்தினார். தவறு. ஓய்வுபெற்ற தேதி. தவறு. கல்யாண நாள்.

"எந்தத் தேதி போட்டீங்க?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள். "அது உங்க தம்பி கல்யாண நாள்."

கார்டு பூட்டப்பட்டது.

ஆய்வாளர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உன்கிட்ட ஒரு கார்டு கொடுத்தேனே, எங்க?"

"பத்திரமா இருக்கு."

"பீரோவுலயா?"

"பத்திரமான இடத்துலதான்."

"அவசரத்துக்குன்னு சொல்லித்தானே கொடுத்தேன்! அதை வீட்டுல வச்சிட்டு வந்தா எப்படி?"

"அவசரத்துக்குத்தான் வச்சிருக்கேன்," என்று அவள் புடவையை மடிக்கப் போனாள்.

நான்காம் நாள் அருங்காட்சியகம், ஐந்தாம் நாள் கண்ணாடி மாளிகை, எல்லாவற்றுக்கும் சம்பந்தியின் உள்ளங்கைதான் விழுந்தது. ஒவ்வோர் அடியும் ஆய்வாளரின் முதுகில் விழுந்தது. ஆறாம் நாள் காலை சம்பந்தி ஒரு தோல் பெட்டி வாங்கினார். குதிரை ஏறி உட்காரலாம் போன்ற பெட்டி.

"விலையைப் பார்த்தா கார்டு வச்சிருக்கக் கூடாது சம்பந்தி!"

மிச்சமிருந்தது கடைசி நாள் மதியச் சாப்பாடு. அது எங்கள் வீட்டுச் செலவு என்று ஆய்வாளர் முதல் நாளே வாக்குக் கொடுத்திருந்தார். ஏரியைப் பார்த்த உணவகத்தில் மேஜை போட்டுச் சாப்பிட்டு முடித்தார்கள். பில் வந்தது. பூட்டிய கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எழுந்தார். எப்படியும் ஒரு மனிதக் குரலைப் பிடித்து, கார்டைத் திறக்க வைத்துவிடுவது என்று மகளின் போனோடு கல்லாவுக்கு அருகே போய் நின்றார். இருபது நிமிடச் சங்கீதத்துக்குப் பிறகு ஒரு பெண் பேசினாள். பிறந்த தேதி, தாயார் பெயர் எல்லாம் கேட்டுச் சரிபார்த்தாள்.

"மன்னிக்கணும் சார், இந்தக் கார்டை நீங்க ஊருக்கு வந்துதான் திறக்க முடியும். அவசரம்னா உங்க கணக்குல இருக்கிற இன்னொரு கார்டைப் போடலாமே? அது நல்லா ஓடுதே."

"அது வீட்டு பீரோவுல தூங்குதும்மா."

"இல்லையே சார். இன்னைக்குக் காலையில தோல் பொருள் கடை. நேத்து கண்ணாடி மாளிகை. மூணு நாளைக்கு முன்னாடி படகுத்துறை, நாலு டிக்கெட். எல்லாத்துக்கும் உங்க நம்பருக்கு மெசேஜ் வந்திருக்குமே?"

ஆய்வாளரின் கை சட்டைப்பையில் மடித்திருந்த தாளைத் தொட்டது. மெல்லத் திரும்பி மேஜையைப் பார்த்தார். சம்பந்தி காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கார்டுக்கும் வெளிநாட்டுக் கட்டணம்...?"

"ஒரு காசு கிடையாது சார்."

"நல்லா இரும்மா," என்று போனை வைத்தார்.

மேஜைக்கு நடந்த பத்தடியில் அவர் கையில் ஒரு பெரிய கத்தி இருந்தது. ஒரு வார்த்தை போதும், ஆறு வருடப் பேச்சு அறுந்து விழும். ஆனால் எதிரே மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் வாழ்கிற வீட்டின் தலை கவிழ்ந்தால் அது யார் தலை? ஆய்வாளர் கத்தியை உறையில் போட்டார்.

"சம்பந்தி, பாங்க்காரன் கையை விரிச்சிட்டான். இன்னைக்கும் நீங்கதான் காப்பாத்தணும்."

மரக்கடைக்காரர் நிமிர்ந்தார். "அதுக்கென்ன..." குரல் வழக்கத்தைவிட ரொம்பச் சிறியதாக இருந்தது.

"அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஐஸ்கிரீம் சொல்லுங்க. எனக்கு மூணு உருண்டை."

"மூணா?" என்றாள் மகள்.

"சம்பந்தி கொடுக்கிறாரும்மா. கூச்சப்படலாமா?"

ஆறு நாளில் முதல்முறையாக ஆய்வாளர் நாற்காலியில் முதுகைச் சாய்த்தார். கார்டு மெஷினை மெல்லத் தொட்டது. பச்சை விளக்கு அவருக்காகவே எரிந்தது. கார்டுன்னா இப்படி இருக்கணும் என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை.

வெளியே ஏரிக்கரையில் மகளும் சம்பந்தியும் முன்னால் நடந்தார்கள். ஆய்வாளர் நடையைத் தளர்த்தினார்.

"தலைவலி மாத்திரையா?"

மனைவி சிரிக்கவில்லை. "அவர் கார்டு இந்த ஊர்ல எடுக்கல. ஊர்ல வாய் கிழியப் பேசிட்டு வந்த மனுஷன், முகம் வெளுத்துப் போச்சு. பொண்ணு முன்னாடி எப்படிங்க நிக்கவிட முடியும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பட்டியல் போட்டிருப்பீங்க."

அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. "இந்த மாத்திரையை இதுவரைக்கும் எத்தனை தடவை கொடுத்திருக்கே?"

"ரெண்டே தடவைதான்."

"ரெண்டா?"

அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "முதல் தடவை நம்ம பொண்ணு கல்யாணத்தன்னைக்கு, பஸ் டிரைவர் வந்து நின்னப்போ."