மீன்தொட்டிக்கு மூன்று நாள்

இந்த வருஷம் பூம்பாறைக்குப் போவதில்லை என்று உறுதியாக முடிவெடுத்தேன். அங்கே என் மாமனாருக்கு முக்கால் ஏக்கர் பூண்டு. நானோ கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறவன். போன வருஷம் இரண்டு நாள் பூண்டு பிடுங்கியதில் ஒரு மாதம் இடுப்பு நிமிரவில்லை. கைவாசனை தாங்காமல் ஆபீஸில் என் மேஜையை வராந்தாவுக்குத் தள்ளிவிட்டார்கள்.

இந்த முறை மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் வந்து தொலைத்தது. என் மனைவி தாரணி ஊருக்குப் போகப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஹாலில் இருந்த மீன்தொட்டி கண்ணில் பட்டது. கண்ணாடி முழுக்கப் பாசி. எனக்கு உயிர் வந்தது.

"தொட்டியைக் கழுவணும் தாரணி. நான் வரலை."

"அது அரை மணி நேரச் சோலிங்க. மாசாமாசம் நான்தானே கழுவுறேன்."

"அதான் தப்பு. அதுக்கு ஒரு முறை இருக்கு."

வீடியோவில் பார்த்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். சோப்பு ஆகாது. தண்ணீரில் கால்வாசியைத்தான் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பக்கெட்டில் வைத்திருந்து ஊற்ற வேண்டும். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். இதுவரை சொன்னது உண்மை. இத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"அப்புறம் மூணு நாள் பக்கத்துலயே ஆள் உக்காந்திருக்கணும். இல்லேன்னா மீன் மிரண்டுரும்."

"மூணு நாளா?"

"நகரவே கூடாது."

"கை சும்மாதானே கெடக்கும்?"

"கைக்கென்ன வேலை? கண்ணுக்குத்தான் வேலை."

தாரணி கொஞ்சம் யோசித்தாள். "சரிங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறிப் போய்விட்டாள். இப்படி ஏமாற்றிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. பஸ் முனை திரும்பி மறைந்ததும் சரியாகிவிட்டது.

காலாவதியான ஏடிஎம் கார்டால் பாசியைச் சுரண்டினேன். டியூபை வாயால் உறிஞ்சி அடியழுக்கை எடுத்ததில் ஒரு மடக்கு உள்ளேயும் போனது. முன்தினமே பிடித்துவைத்த தண்ணீரை ஊற்றினேன். மொத்தம் நாற்பது நிமிஷம். அப்புறம் போர்வை, கிரிக்கெட், மிளகாய் பஜ்ஜி.

சாயங்காலம் வாசலில் ஜீப் நின்றது. மச்சினன் செல்வமுருகன் ஏழு மூட்டைகளை ஹாலில் இறக்கினான். பின்னாலேயே தாரணி வந்தாள், கையில் அரிவாள்மனை.

"என்னது இது?"

"போன வாரம் பிடுங்கிக் காயவச்ச பூண்டுங்க. தாளும் வேரும் நறுக்கணும். பிடுங்க ஆள் கெடச்சிருச்சு, நறுக்கத்தான் ஆளில்ல. நீங்க நகரக் கூடாதுன்னு சொன்னீங்கள்ல, அதான் இங்கயே கொண்டாந்துட்டோம்."

தொட்டியை ஒட்டிப் பாயை விரித்தாள். அரிவாள்மனையை வைத்தாள். முதல் மூட்டையை அவிழ்த்தாள். நான் மூட்டைகளை இன்னொரு முறை எண்ணினேன்.

"இவ்வளவும் மூணு நாள்ல எப்படி தாரணி முடியும்?"

"முடியலேன்னா என்னங்க, தொட்டியை மறுபடி ஒரு தடவை கழுவிருவோம்."