ஏரிக்கரை நூதனசாலைக்குப் போன எங்கள் தூதுக்குழு

மனிதகுல வரலாற்றில் இவ்வளவு கம்பளிச் சட்டைகளுடன் ஒரு தூதுக்குழு எந்த நாட்டிலிருந்தும் புறப்பட்டதில்லை. கொழும்பு வெள்ளவத்தை மரபுரிமைச் சபையின் செயலாளர் என்ற வகையில் இதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

வெள்ளவத்தையின் வரலாற்றுப் பொருள்களைக் காட்சிக்கு வைக்க ஒரு நூதனசாலை அமைப்பதென்று சபை ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. அதற்கு முன் வெளிநாட்டு நூதனசாலை ஒன்றை 'ஆய்வு' செய்ய வேண்டுமென்று பொருளாளர் ஜெகதீஸ்வரி அக்கா பிரேரித்தார். சுவிற்சர்லாந்தில், அல்ப்ஸ் மலையடியில், ஏரிக்கரை ஊர் ஒன்றை அவர் தெரிவு செய்ததற்கும், அதே ஊரில் அவருடைய மகள் ஹம்சிகாவுக்குப் பிள்ளை பிறந்திருந்ததற்கும் தொடர்பேதும் இல்லை. தலைவர் நமசிவாயம் ஐயா, அக்கா, நான் மூவரும் போனோம். பிள்ளையின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாளே ஆய்வு தீவிரமாக ஆரம்பமானது.

நூதனசாலை ஒரு மரவீடு. உள்ளே மாட்டு மணி, பால் வாளி, கிழிந்த மீன்வலை, சலவைக்காரி ஒருத்தியின் கூடை. எல்லாவற்றிலும் உரியவர்களின் பெயர். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே வாளிதான்.

"இதென்ன, பழைய சாமான் கடையோ? ராசா எங்க? வாள் எங்க?"

"ராசா இல்லீங்க ஐயா. இந்த ஊர்ல மாடு மேச்சவங்கதான் இருந்தாங்க" என்றது மூலையிலிருந்து ஒரு தமிழ்க்குரல்.

சீருடை அணிந்த காவலாளி. பெயர் வேலுசாமி. முப்பது வருடம் ஏரிக்கரை ஹோட்டலில் கோப்பை கழுவியபின் இங்கே வந்தவராம். வெள்ளவத்தையில் எத்தனை காலம் குடியிருந்தாலும் வடக்கில் ஒரு 'சொந்த ஊர்' வைத்திருப்பவர்கள் நாங்கள்; தலைவர் உடனே எங்கள் சமூகத்தின் ஆதாரக் கேள்வியைக் கேட்டார்.

"ஊரில எவ்விடம்?"

"வெள்ளவத்தைங்க."

"அது சரி. சொந்த ஊர்?"

"வெள்ளவத்தைதாங்க."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முந்தி நான் பொறக்கலீங்க ஐயா."

தலைவருக்குத் தலை சுற்றியது. அருகிலிருந்த கதிரையில் உட்காரப் போனார். "அது காட்சிக்கு வச்சதுங்க" என்று வேலுசாமி கையைப் பிடித்துத் தடுத்தார்.

மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளை இடியப்ப உரல். கீழே ஜெர்மனிலும் தமிழிலும் எழுதியிருந்தது: 'இராமலெட்சுமி வேலுசாமி, ஹோட்டல் சமையலறைப் பணியாளர், இவ்வூர்.'

"எங்க வீட்டுக்காரியோடதுங்க. நீங்களும் இந்த ஊர்ல வாழ்ந்தவங்கதானே, உங்க சாமானும் இந்த ஊரு சரித்திரம்தான்னு கேட்டு வாங்கிட்டாங்க. அவ ஞாயித்துக்கிழமை வந்து, தூசி தட்டியிருக்கான்னு பாத்துட்டுப் போவா."

"நல்ல கனமான உரல்" என்று அக்கா கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே ஆய்வு செய்தார்.

வெள்ளவத்தையில் நூதனசாலை அமைக்கப்போவதைச் சொல்லி விடைபெற்று நாங்கள் வாசலைத் தாண்டியதும் வேலுசாமி பனிக்குள் ஓடி வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"எங்கப்பா மாரிமுத்துங்க. வெள்ளவத்தைச் சந்தையில நாப்பது வருஷம் கைவண்டி இழுத்தாரு. உங்க நூதனசாலையில ஒரு மூலையில வைப்பீங்களா?"

"வைப்பம், வைப்பம்" என்றார் தலைவர்.

நாங்கள் மறையும்வரை வேலுசாமி பனிக்குள்ளேயே நின்றார். கடுங்குளிர் என்று அறிக்கையில் குறித்துக்கொண்டேன்.

கொழும்புக்குத் திரும்பியதும் சபை கூடியது. காட்சிப் பொருள் ஏற்பதற்கான படிவத்தில் 'சொந்த ஊர்' என்றொரு கட்டம் உண்டு. அதற்கு எதிரே அடைப்புக்குறிக்குள் 'வெள்ளவத்தை என எழுதக்கூடாது' என்றும் உண்டு. மாரிமுத்துவின் படிவம் அந்த இடத்தில் சிக்கியது. இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். நடுவில் வடை வந்தது.

"ஆள் பிறந்தது எங்க?" என்று கேட்டார் தலைவர்.

"வெள்ளவத்தை" என்றேன்.

"வேலை?"

"வெள்ளவத்தைச் சந்தை."

"செத்தது?"

"அதுவும் வெள்ளவத்தைதான் ஐயா."

தலைவர் பேனையை மேசையில் வைத்தார். "அப்ப இந்த ஆளுக்கும் வெள்ளவத்தைக்கும் என்ன சம்பந்தம்?"

படம் நன்றியுடன் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பப்பட்டது. கடிதத்தில் ஒப்பமிட்டவன் நான்தான்.

எங்கள் நூதனசாலை இப்போது சிறப்பாக இயங்குகிறது. பதினான்கு தலைவர்களின் மாலையிட்ட படங்கள் சுவரை நிறைக்கின்றன. பதினான்கு பேருக்கும் கௌரவமான சொந்த ஊர்கள் உண்டு. போன மாதம் வேலுசாமி ஒரு படம் அனுப்பியிருந்தார். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள், உரலுக்குப் பக்கத்தில், கைவண்டியைப் பிடித்தபடி மாரிமுத்து நிற்கிறார். கீழே, 'மாரிமுத்து, வெள்ளவத்தை.'

ஆகவே, வெள்ளவத்தையின் வரலாற்றைக் காண விரும்புவோர் அல்ப்ஸ் மலைக்குத்தான் போகவேண்டும். விசாவுக்கு எங்கள் சபை பரிந்துரைக் கடிதம் கொடுக்கும். சொந்த ஊர் உள்ளவர்களுக்கு மட்டும்.