மச்சானுக்கு வைத்த நன்றி பேனர்

விழித்துக்கொண்டே தூங்குகிற வியாதி எனக்கு உண்டு. போதாததற்கு மாப்பிள்ளை முறுக்கு வேறு. இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

என் மனைவி செல்வியின் வளைகாப்பில், காசிமேட்டில் ஐஸ் பேக்டரி வைத்திருக்கும் அவள் அண்ணன் ஏழுமலை சபையிலேயே அறிவித்தார்: "மாப்ள, உன் கரண்டு காருக்கு நம்ம பேக்டரில ஆயுசுக்கும் ஓசி சார்ஜ். தங்கச்சிய ஆஸ்பத்திரிக்கு அதுலதான் இட்டுகினு போவணும், இன்னா?"

அன்று முதல் சொர்க்கம். மதியம் சார்ஜ் போட்டுவிட்டு காருக்குள்ளேயே சாய்ந்துகொள்வேன். வெளியே ஐஸ் புகை மிதக்கும். கண்ணாடி வெளுத்துப்போகும். எங்கோ ஒரு கப்பல் ஊதும். ராயபுரமே கரைந்து, நானும் காரும் மேகத்துக்குள் போய்க்கொண்டிருப்போம். பின் சீட்டிலிருந்து இன்னும் பிறக்காத என் மகள், "வேகமா போப்பா" என்பாள். (பிறக்கும்வரை எங்களுக்குள் நல்ல ஒற்றுமை.)

ஒருநாள் பிளக் பெட்டியில் பூட்டு தொங்கியது. "ஓனருதான் பூட்ட சொன்னாரு" என்றார் வேலையாள்.

பிரசவத்துக்கு ஒரே வாரம். காரில் சார்ஜ் நாலு சதவீதம். மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாப்பிள்ளை போய்க் கேட்பதா? வெளியே காசு கொடுத்துப் போட்டிருக்கலாம். போட்டால் அவர் ஜெயித்துவிடுவாரே! நேராக பிளெக்ஸ் கடைக்குப் போனேன்.

"வாழ்நாள் இலவச சார்ஜ் தரும் காசிமேட்டு வள்ளல், அண்ணன் ஏழுமலைக்கு நன்றி!" கும்பிட்டபடி மச்சான், தலைக்குப் பின்னால் சூரியன், ஓரத்தில் பாயும் புலி. மார்க்கெட் முனையில் கட்டினேன். ஊரே புகழ்ந்தால் பூட்டைத் திறந்துதானே ஆகவேண்டும்? (என் மூளையே மூளை.)

மறுநாள் காலை பேக்டரி வாசலில் எலக்ட்ரிக் ஆட்டோக்கள் தெருமுனைவரை நின்றன. கடல் மூட்டத்துக்குள்ளிருந்து சத்தமே இல்லாமல் இன்னும் வந்துகொண்டிருந்தன. வெட்கமில்லாமல் ரசித்தேன். யாரோ மச்சானுக்கு மாலையே போட்டுவிட்டார். மாலையும் கழுத்துமாக அவர் என்னிடம் வந்தார்.

"பிளக்குல ஷாக் அட்ச்சிது நைனா. நீ உள்ளாற தூங்கிகினு கீற, இன்னாவது ஆயிடப்போவுதுன்னு பூட்டுனேன். நாளிக்கு எலக்ட்ரீசியன் வரான். என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?"

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். அதற்குள் போன் அடித்தது. செல்வி. "வலி எட்த்துகிச்சு. சீக்கிரம் வாய்யா!"

இருந்த நாலு சதவீதமும் பேனருக்கு அலைந்ததில் தீர்ந்து, என் கார் கிளம்பவே இல்லை. சுற்றிலும் அத்தனை ஆட்டோ. ஒன்றிலும் சார்ஜ் இல்லை. அதற்காகத்தானே பாவம் வந்திருந்தார்கள்! கடைசியில் மச்சானின் மீன் வண்டியில்தான் செல்வியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். முன்னால் செல்வி, பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நடுங்கிக்கொண்டு நான். மாலையைக் கழற்றக்கூட மறந்து மச்சான் ஓட்டினார். அந்த மனுஷன் மேல் அன்றைக்கு வந்த பாசம் இன்னும் குறையவில்லை.

மகளுக்கு இப்போது நாலு வயது. கடற்கரைக்குக் காரில் போகலாமா என்று ஆசையாகக் கூப்பிட்டால், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்கிறாள்:

"மாமாவாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"