கொட்டேஷன் போட்டுத் தேடு, நைனா!

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கியவர்கள் உண்டு. கம்பி இழுத்தவர்கள் உண்டு. கெமிக்கல் நெடியில் மூக்கையே தொலைத்தவர்களும் உண்டு. ஆனால் மொத்த உலகத்தையும் இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவில் பிடித்து நிறுத்திய ஆள் ஒருவர்தான். அடித்துச் சொல்கிறேன், அவருக்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒருவர் அந்தப் பேட்டைக்குள் காலடி வைத்ததில்லை!

நான் சொல்வது எங்கள் கம்பி ஆலையின் ஸ்டோர் கீப்பரை. எல்லோரும் அவரைக் 'கொட்டேஷன்' என்றுதான் கூப்பிட்டார்கள். நான் அங்கே பர்ச்சேஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவன். எங்கள் பிரிவில் கொட்டேஷன் என்றால் விலைப்புள்ளி. ஒரு குண்டூசி வாங்குவதென்றாலும் மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கியாக வேண்டும், அது அங்கே எழுதாத சட்டம். அதனால் அவருக்கும் அந்தப் பெயர் விலைப்புள்ளிகளோடு மாரடித்து வந்ததாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை பெரிய மடையன் நான்!

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஆலையில் இரண்டே இரண்டு கம்ப்யூட்டர்களில்தான் இன்டர்நெட். ஒன்று மேனேஜர் அறையில், இன்னொன்று என் மேஜையில், அதுவும் மெயில் பார்க்க மட்டும். கொட்டேஷன் வேலை முடிந்ததும் நேராக பஜாரில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போவார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. அன்றைக்கு எதையெல்லாம் தேட வேண்டும் என்று அதில் பட்டியல் இருக்கும். அரை மணி நேரத்துக்குள் அத்தனையையும் பிடித்துக்கொண்டு வெளியே வருவார். மற்றவர்கள் அதே அரை மணியில் பாஸ்வேர்டை மறந்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

தேடித் தேடி மனிதருக்குப் பேச்சே தேடல் பாஷையாகிவிட்டது. கேன்டீனில் போய் நின்று, "சாம்பாரு, மைனஸ் முருங்கக்கா" என்பார். ஆட்டோவில் ஏறினால், "ஸ்டேஷன், மைனஸ் மார்க்கெட்டு" என்பார். மார்க்கெட் வழியாகப் போகாதே என்று அர்த்தம். ஆட்டோக்காரர் ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டேவிட்டார்: "இன்னா ஸார் நீ, வாய தொறந்தா கணக்குப் பாடமா சொல்லிக்கினு கீற?"

இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன். ஷிப்ட் முடிகிற நேரத்துக்குச் சரியாக எந்த மின்சார ரயில் இருக்கிறது என்று ஒரு நாள் தேடியிருக்கிறார். ஒன்றுமே வரவில்லை. ஜீரோ! வேறு யாராவது என்றால் சலித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். இவர் சென்டரே அதிரக் கைதட்டினாராம்.

"ஜீரோ வந்தா ரெண்டே காரணந்தான் நைனா. ஒண்ணு, நீ தப்பா கேட்டுக்கினு கீற. இல்லாட்டி அத இன்னும் ஒருத்தனும் எழுதல. எழுதலன்னா இன்னா பண்ணணும்? நாமளே எழுதிடணும்!"

எழுதியும் விட்டார். இலவசமாக ஒரு இணையப் பக்கம் திறந்து, கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பும் ரயில்கள், எந்த ஷிப்டுக்கு எது தோது, எந்தப் பெட்டியில் உட்கார இடம் கிடைக்கும், எந்த ஸ்டேஷனில் டீ வாயில் வைக்க முடியாது என்பது வரைக்கும் ஏற்றிவிட்டார். பொன்னேரியில் இறங்குகிற பாதிப் பேர் அதைப் பிரின்ட் எடுத்து டிபன் பாக்ஸ் மூடியில் ஒட்டி வைத்திருந்தார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். முன்பு நான் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஆறு மாதச் சோதனைக் காலத்தில்தான் இந்த ஆலையில் என்னை எடுத்திருந்தார்கள். ஐந்தாவது மாதம் வந்தது வினை. கம்பிகளை அளவாக நறுக்கும் பழைய வெளிநாட்டு மெஷினில் ஒரு பேரிங் நொறுங்கிப்போனது. தூளாகப் போனதில் அதன் நம்பரும் போச்சு. மெஷினின் மேனுவலோ எந்தக் காலத்திலோ கரையான் வயிற்றுக்குப் போய்விட்டது.

நான் மெஷின் மேல் இருந்த பெயர்த் தகட்டைப் பார்த்து மாடல் நம்பரை எழுதிக்கொண்டேன்: கேஎஸ் 2380. அதையும் பேரிங் உட்காரும் இடத்தின் அளவையும் சொல்லி ஒரு டீலருக்குப் போன் போட்டேன். நாம் கேட்டு முடிப்பதற்குள் "இருக்கு ஸார்" என்று சொல்கிற ரகம் அவர். பேரிங் வந்தது. அளவெல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. மாட்டி ஓட்டினால், அரை மணி நேரத்தில் சூடேறிப் புகைந்துவிட்டது. அளவு சரி, ரகம் தப்பு.

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் கூடத் தேவலை. "சனிக்கிழமைக்குள்ள சரியான பேரிங் வரலன்னா, திங்கக்கிழமை நீங்க வர வேணாம்" என்று சாந்தமாகச் சொல்லிவிட்டு பைலைத் திறந்துகொண்டார். அன்றைக்கு வியாழக்கிழமை.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாகத் தேடல் பெட்டியில் கை வைத்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா, கீழ்க்கண்ட இயந்திரத்துக்குரிய பேரிங் எங்கே கிடைக்கும் என்று தயவுசெய்து தெரிவிக்கவும்' என்று சுத்தமான ஆங்கிலத்தில் டைப் அடித்தேன். லீவ் லெட்டர் எழுதுவது எப்படி என்று பக்கம் பக்கமாக வந்து விழுந்தது.

இன்டர்காமில் ஸ்டோரைக் கூப்பிட்டு அழாத குறையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே குதூகலம்.

"தேடுறியா? சூப்பரு நைனா! மாடல் நம்பர அடி. அதுக்குக் கொட்டேஷன் போடு. மேட்டர் ஓவர்!"

போட்டேன். நம்பரை அடித்து, பக்கத்திலேயே 'கொட்டேஷன்' என்ற வார்த்தையை ஆங்கிலத்தில் எழுத்துப் பிசகாமல் போட்டேன். பெரியவர்கள் சொன்ன பொன்மொழிகள் வந்தன! நட்பைப் பற்றி, பொறுமையைப் பற்றி, தோல்வியைக் கண்டு துவளாமை பற்றி. வேலை போகப்போகிற மனுஷனுக்கு அதைவிட எரிச்சல் உண்டா?

ஐந்தாவது நிமிஷம் கொட்டேஷன் சைக்கிளில் வந்து இறங்கினார். என் ஸ்கிரீனைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னா நைனா இது! ஒருத்தர் சொன்னத அப்டியே எழுதும்போது முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு கொம்பு போடுவாங்களே, அந்தக் கொட்டேஷன்! அதப் போட்டா, நீ அடிச்சது அப்டியே எங்க கீதோ அந்தப் பக்கத்த மட்டும் காட்டும். எனக்கு எதுக்கு இந்தப் பேரு வச்சாங்கன்னு நெனச்ச?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலில் நான் அடித்த 'மதிப்பிற்குரிய ஐயா'வையும் அவர் விடவில்லை.

"இது இன்னா, கலெக்டர் ஆபீஸுக்கு மனுவா எழுதுற? கேள்விய அடிக்காத நைனா. பதில அடி! அந்தப் பதில எழுதி வச்சவன் இன்னா வார்த்த போட்டிருப்பான்? மாடல் நம்பரு போட்டிருப்பான், பார்ட்ஸ் லிஸ்ட்டுன்னு போட்டிருப்பான். அத மட்டும் கேளு."

என்னைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு வேலையில் இறங்கினார். அப்போது புதிதாக ஒரு இலவச பிரவுசர் வந்திருந்தது. ஒரே ஜன்னலுக்குள் பத்துப் பக்கங்களை டேப் டேப்பாகத் திறந்து வைக்கலாம். அதை என் கம்ப்யூட்டரில் இறக்கிப் போட்டுவிட்டு, உற்சாகத்தில் எனக்குக் கட்டளைகளாகப் பறக்கவிட்டார்.

"இன்னொரு டேப் தொற! அதுக்குப் பக்கத்துல இன்னொரு டேப் தொற!"

ஆபீஸைப் பெருக்கித் துடைக்கும் கன்னியம்மா அக்கா வாசலில் வந்து நின்றார். "இன்னா ஸார் டேப்பு டேப்புன்னு கத்திக்கினே கீறீங்க? காலைலேர்ந்து டேங்க்ல ஒரு சொட்டு தண்ணி இல்ல. எந்த டேப்ப தொறந்து இன்னா ஆவப் போவுது?"

கொட்டேஷன் காதில் எதுவும் விழவில்லை. கேஎஸ் 2380, முன்னாலும் பின்னாலும் கொம்பு. தட்டினார். ஜீரோ.

எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ நாற்காலியை விட்டு எகிறிக் குதித்தார். "ஜீரோ! நைனா, ஜீரோ! மெஷினு கண்ணு எதிர்ல கீது, ஒலகத்துல ஒருத்தன் கூட அதப் பத்தி எழுதலன்னா இன்னா அர்த்தம்? நாம தப்பா கேட்டுக்கினு கீறோம். வா என்னோட!"

ஒரு டப்பா மண்ணெண்ணெயும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு மெஷினை நோக்கி ஓடினோம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த மெஷினுக்குப் பச்சை பெயிண்ட் அடிப்பார்கள், பெயர்த் தகட்டையும் சேர்த்து. பெயிண்ட் காய்ந்ததும் சந்தனம், குங்குமம். அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு. கொட்டேஷன் தேய்த்தார். சந்தனம் உதிர்ந்தது, பெயிண்ட் கரைந்தது. அந்த எட்டின் இடது பாதி காணாமல் போய், கீழே இருந்து ஒரு மூன்று எட்டிப் பார்த்தது.

கேஎஸ் 2330!

"எந்தப் புண்ணியவான் நைனா கரெக்டா நம்பரு மேலயே பொட்டு வச்சது?" என்றார்.

நான் குனிந்து மண்ணெண்ணெய் டப்பாவை மூட ஆரம்பித்தேன். புதிதாகச் சேர்ந்தவன் பக்தியைக் காட்ட வேண்டுமே என்று போன பூஜையில் எல்லா மெஷினுக்கும் வளைத்து வளைத்துப் பொட்டு வைத்தது சாட்சாத் நான்தான். அவர் என் முகத்தைப் பார்த்தார். துணியை உதறினார். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

திரும்ப ஓடினோம். புது நம்பருக்குக் கொம்பு போட்டார். மெஷினுக்குச் சம்பந்தமில்லாத கார் பாகங்களாகக் கொட்டியது. "மைனஸ் கார்" போட்டார். அத்தனையும் மாயமாய் மறைந்தது. கடைசியில் பிடிஎஃப் மட்டும் வரவேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்தார். ஒன்றே ஒன்று வந்தது. மேனுவல்! கரையான் தின்ற அதே மேனுவல், முழுசாக! முந்நூறு பக்கத்துக்கு மேல். நான் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, கண்ட்ரோலையும் எஃப்பையும் சேர்த்து அழுத்தி 'பேரிங்' என்று அடித்தார். பக்கங்கள் தானாகப் புரண்டு நம்பர் மேல் போய் நின்றன. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, மறைப்பானேன்!

நம்பரைக் கொட்டை எழுத்தில் ஒரு தாளில் எழுதினேன். உடனே போனை எடுத்தேன். சென்னைக் கடைகளில் மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டுமே! முதல் கடையில் ஸ்டாக் இல்லை. இரண்டாவது கடையில் அடுத்த வாரம் என்றார்கள். மூன்றாவது கடையில் மும்பையிலிருந்து வரவழைக்க வேண்டுமாம். சனிக்கிழமை என் கண் முன்னால் நின்று சிரித்தது. கொட்டேஷன் இன்னொரு டேப்பைத் திறந்து வேறு கடைகளைத் தேட ஆரம்பித்தார்.

மேஜையைத் துடைக்க வந்த கன்னியம்மா அக்கா தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"இந்த நம்பரா ஸார்? இது நம்ம ஸ்டோர்ல மூணாவது தட்டுல, கோடியில கீதே. ரெண்டு பொட்டி. நான்தானே தெனம் தொடச்சிக்கினு கீறேன்!"

கொட்டேஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உலகம் பூராவும் தேடிய மனுஷன், அவர் தினமும் பூட்டித் திறக்கிற அறையில் தேடவில்லை. எழுந்து நின்று, கன்னியம்மா அக்காவைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டார்.

"நம்ம ஸ்டோருக்குக் கண்ட்ரோல் எஃப் இல்லன்னு இத்தினி நாளா பேஜாரா இருந்தது நைனா. இங்கயே தொடப்பத்தோட நின்னுக்கினு கீது!"

வெள்ளிக்கிழமை காலை மெஷின் ஓடியது. சூடும் இல்லை, புகையும் இல்லை. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "யாரு கண்டுபுடிச்சது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கொட்டேஷன் முந்திக்கொண்டார்.

"பர்ச்சேஸ் ஸார்தான். தகட்டுல நம்பரு சரியில்லன்னு இவருக்குத்தான் டவுட்டு வந்தது."

அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமானது. சில வருஷங்களில் அவர் வேறு ஆலைக்குப் போய்விட்டார். பிறகு நானும் ஊர் மாறி, பேனா பிடித்து, இந்தப் பத்திரிகைப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். அவருடைய இயற்பெயரைக் கேட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை. போன வாரம் திடீரென்று நினைவு வந்து, 'கும்மிடிப்பூண்டி கொட்டேஷன்' என்று அடித்து, மறக்காமல் முன்னும் பின்னும் கொம்பு போட்டுத் தேடினேன்.

ஜீரோ.

நான் தப்பாகக் கேட்கவில்லை. அப்படியென்றால் இன்னும் ஒருத்தரும் எழுதவில்லை. அதனால்தான் நைனா, இதை எழுதிவிட்டேன். பத்திரிகைக்காரர்கள் இந்தப் பக்கத்தை இணையத்திலும் ஏற்றுவார்கள். இனி உன்னைத் தேடினால் ஒன்று வரும்.